கோணல் கோபுரமும் சும்மா இருக்காத விரலும்

மேஜைமேல் நின்ற அட்டைக் கோபுரம் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கட்டட மேற்பார்வையாளருக்குக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை. கோணல் சுவர் எழுப்பிய கொத்தனார்களையெல்லாம் வறுத்தெடுக்கிற மனிதர் அவர். அவர் வீட்டு மேஜையிலேயே இப்படி ஓர் அநியாயம்!

"அப்பா, தொடக் கூடாது. சத்தியம் பண்ணியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு மகள் குளிக்கப் போனாள்.

சத்தியத்துக்குக் காரணம் இருந்தது. போன தடவை அவர் வரைந்து கொடுத்த யானையை, வகுப்பில் எல்லார் முன்னாலும் கரும்பலகையில் மறுபடி வரையச் சொன்னார்கள். பிள்ளை சாக்கட்டியைப் பிடித்தபடி அழுதுவிட்டது. அன்றிலிருந்து பள்ளி வேலை எதையும் அவள் அப்பா கண்ணில் காட்டுவதில்லை. இப்போதுதான் மனம் இரங்கி, பள்ளிக்காகக் கட்டிய கோபுரத்தை நடுக்கூடத்தில் வைத்திருக்கிறாள். இதையும் கெடுத்தால் அவள் இனி ஜென்மத்துக்கும் நம்ப மாட்டாள் என்று அவருக்கே தெரியும்.

"கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க," என்றாள் மனைவி. "விழுந்தா விழட்டும். அவளே நிமித்திப்பா."

"நான் எங்க தொட்டேன்? அளந்துதான் பாக்கறேன்."

சுவர் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து வந்து உச்சியில் வைத்தார். உள்ளே இருந்த குமிழி ஓர் ஓரமாக ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டது. ரசமட்டத்தின் கனத்தில் மேல்மாடி பொத்தென்று உள்ளே போனது.

"தொடலன்னீங்க?"

"நான் தொடல. ரசமட்டம்தான் தொட்டுச்சு."

மேல்மாடியைத் தூக்கி நிறுத்தினார். கீழ்மாடி பிதுங்கியது. வேலைப் பையிலிருந்து குழாய் ஒட்டும் பசையை எடுத்துத் தாராளமாகப் பூசினார். குழாயையே விடாத பசை, ஆள்காட்டி விரலை விடுமா? வெந்நீரில் முக்கினார். விரல் வரவில்லை, அட்டைதான் ஊறித் தொங்கியது. பதறிப்போன மனைவி ஹேர் டிரையரைப் பிடித்தாள். அடித்த காற்றில் கோபுரத்தின் சிவப்புச் சாயம் முழுக்க அவர் சட்டைக்கு வந்துவிட்டது.

குளியலறைக் கதவு திறந்தது. அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஆனால் அது முதுகுக்குப் பின்னால் அடங்குகிற கோபுரம் இல்லை.

"கை துறுதுறுன்னு இருந்திருக்கும். புரியுதுப்பா," என்றாள் மகள் பொறுமையாக. "ஆனா தொட்டது தொட்டதுதான். ஸ்கூலுக்கு நீங்கதான் எடுத்துட்டு வரணும்."

வசனமே அவருடையது. அவள் பாலைக் கொட்டினாலும் பென்சிலைத் தொலைத்தாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார். முதலில் அனுதாபம், பின்னாலேயே கண்டிப்பு. வாங்கிக்கொள்கிற இடத்தில் நின்றால் இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று யார் கண்டது? பிள்ளை அழாமல் இருந்தது அவரை இன்னும் கலக்கியது.

தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். மகளின் பின்னால் அவர் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு நடந்தார்: "டீச்சர், தப்பு என்னோடது. பிள்ளைக்கு மார்க் குறைக்காதீங்க. அவ கட்டினது கோணலா இருந்தாலும் நின்னுச்சு." நிஜமாகவே நின்றதே, இவர் கை வைக்கிற வரைக்கும்!

"மன்னிச்சிடும்மா."

"பாத்து நடங்கப்பா, ரெண்டாவது மாடி விழுது."

பள்ளி வாசலில் காவலாளி அவர் விரலைப் பார்த்தார். துளிகூட ஆச்சரியப்படாமல் கதவைத் திறந்தார்.

"வகுப்பு டீச்சரைப் பாக்கணும். ஒரு சின்ன விபத்து..."

"தெரியும் சார். கோபுரத்தை வேணும்னே கோணலாக் கட்டி வீட்டுல வைங்க, யாரு அப்பா அம்மா கை வைக்காம இருக்காங்கன்னு பாப்போம்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி அனுப்பினதே டீச்சர்தான். கை வச்சவங்க எல்லாம் பெரிய ஹால்ல இருக்காங்க. உள்ள இடமில்ல, நீங்க வராந்தாவுல நில்லுங்க."