வாசல்துடிப்பு நோய்

மனித இதயம் ஒழுங்காகத் துடிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. எந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒழுங்காகத் துடிக்க வேண்டும் என்பதில்தான் எங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையத்துக்கும் என் அக்காவுக்கும் தகராறு வந்தது.

அந்த நிலையத்தின் முழுப் பெயர் ‘புற்றுநோய் மற்றும் இதயத்துடிப்பு ஒருங்கிணைந்த உயர் ஆராய்ச்சி நிலையம்’. நான் டாக்ஸி ஓட்டுகிறவன். பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் வண்டி அதைத் தாண்டிப் போய்விடும். ஒருங்கிணைந்த என்றால், நடைக்கூடத்துக்கு இந்தப் பக்கம் புற்றுநோய்க்காரர்கள், அந்தப் பக்கம் துடிப்புக்காரர்கள். நடுவில் ஒரு குடிதண்ணீர் இயந்திரம். தாகம் எடுத்தால் ஒருங்கிணைவார்கள்.

அக்கா தையல்கடை வைத்திருக்கிறாள். அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது, கேன்சர் கட்டி. ஆரம்பத்தில் எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. அதை மறைக்க உயரக் காலர் வைத்த சட்டைகளை அவளே தைத்துப் போட்டுக்கொண்டாள். நிலையத்தில் ஆராய்ச்சியில் இருந்த ஒரு புது மருந்தை மாதம் ஓர் ஊசியாகப் போட்டார்கள். மூன்று ஊசிக்குள் எலுமிச்சை பட்டாணி ஆகிவிட்டது. டாக்ஸியில் திரும்பி வரும்போது கண்ணாடியில் கழுத்தைத் தடவிப் பார்த்து, “இன்னும் ரெண்டு ஊசி போட்டா இந்தக் காலரை எல்லாம் வெட்டிப் போட்டுடலாம்டா” என்றாள். எனக்கு சந்தோஷத்தில் சிவப்பு விளக்குகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அபராதம் கட்டினேன்.

அந்த மருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சிலருக்கு இதயத்துடிப்பைத் தடுமாற வைக்கும். அதனால் ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால், துடிப்பு சீராக இருக்கிறது என்று டைரக்டர் ஒப்புதல் தர வேண்டும். துடிப்பைக் கவனிக்க மார்பில் ஒரு வில்லையை ஒட்டிவிடுவார்கள். அது இராப்பகலாகத் துடிப்பைக் கேட்டுக் கம்ப்யூட்டருக்குக் கோள் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒப்புதலுக்கு டைரக்டர் அறை வாசலில் இருக்கும் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். முதல் மூன்று தடவை டைரக்டர் வெளிநாட்டில் இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. நான்காவது தடவை ஊரில் இருந்தார்.

காலையில் உட்கார்ந்த அக்காவைச் சாயந்திரம் கூப்பிட்டு, துடிப்பு தடுமாறியிருக்கிறது, ஊசி கிடையாது என்றார்கள்.

ஓடிப்போய்க் கட்டி டாக்டரிடம் கேட்டோம். அவர் நல்ல மனிதர். “கட்டியைப் பொறுத்தவரைக்கும் நீங்க பாஸ். இதயம் என் பக்கம் வராது, எதிர்ப்பக்கம்” என்று நடைக்கூடத்தைக் கை காட்டினார்.

எதிர்ப்பக்கம் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. அவள் ஒருத்திதான் அந்தக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் காட்டுவதைப் படித்துப் பார்க்கிறவள்.

“வீட்டுல சீரா இருக்கு. கடையில சீரா இருக்கு. தூக்கத்துல ரொம்ப அழகா இருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் கொஞ்சம் வேகம்.”

“அன்னைக்கு என் ஓர்ப்படி வந்திருந்தா” என்றாள் அக்கா.

“அப்பவும் வேகம்தான், தடுமாற்றம் இல்ல. தடுமாறினது ஒரே இடத்துலதான். டைரக்டர் வாசல் பெஞ்சு. மருந்தால வந்தா எங்க இருந்தாலும் வரணும். இது மருந்தால வந்ததில்ல, பெஞ்சால வந்தது.”

“அப்போ ஊசி போடலாமா டாக்டர்?”

“தாராளமா போடலாம். டைரக்டருக்கு விளக்கமா எழுதி அனுப்பறேன்.”

பாவம், அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

டைரக்டர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். எங்கள் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

“உலகத்துலயே இதுவரைக்கும் யாரும் கவனிக்காத நோய் இது. வாசல்துடிப்பு நோய்னு பேர் வச்சிருக்கேன். அதை முதல்ல கண்டுபிடிச்சது இந்த நிலையம். அதாவது நான்.”

“சார், அவங்களுக்கு ஊசி…” என்று டாக்டரம்மா ஆரம்பித்தாள்.

“எவங்களுக்கு?”

“இவங்களுக்குத்தான் சார். கழுத்துல கட்டி.”

“கட்டி பழைய விஷயம். இவங்க இப்போ வாசல்துடிப்பு நோயின் முதல் நோயாளி. நடுவுல ஊசி போட்டு ஆராய்ச்சியைக் குழப்பக் கூடாது. தினம் வந்து அதே பெஞ்சுல உக்காரட்டும்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கேட்கும்போது குரல் என்னவோ பவ்யமாகத்தான் வந்தது. “சார், அந்த பெஞ்சைத் தூக்கி வேற எங்கயாவது போட்டுட்டா நோய் போயிடுமே?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “கிருமியை வச்சுத்தான்யா ஆராய்ச்சி. கிருமியையே தூக்கிப் போட்டுட்டா நாங்க எதை ஆராயறது?”

“சரி சார், வந்தவங்களைக் காக்க வைக்காம உடனே உள்ள கூப்பிட்டுட்டா?”

“அது சிகிச்சை. நாம இன்னும் சிகிச்சைக் கட்டத்துக்கு வரல.”

மறுநாள் பெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அதற்கு ஓர் எண் கொடுத்தார்கள். அந்த எண்ணைத் தினமும் துடைக்க ஓர் ஆளும் போட்டார்கள்.

ஆராய்ச்சி விரிந்தது. நிலையத்தில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் வில்லை ஒட்டி அந்த பெஞ்சில் உட்கார வைத்தார்கள். துணை டைரக்டர் முதல் தோட்டக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் தடுமாறியது. கணக்குப் பிரிவு அதிகாரிக்கு பெஞ்சைத் தூரத்தில் பார்த்தபோதே தடுமாறியது. தடுமாறாத இதயம் ஒன்றே ஒன்றுதான், டைரக்டருடையது. தன் அறை வாசலில் அவர் எப்போது காத்திருந்தார், தடுமாற? எனவே, அன்னாரது இதயமே ஆரோக்கியத்தின் அளவுகோல் என்று ஏகமனதாகத் தீர்மானித்து, அவர் துடிப்பு ஓடும் திரை ஒன்றை வரவேற்பறையில் பூத்தொட்டிகளுக்கு நடுவில் வைத்தார்கள். உள்ளே வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் டோக்கன் வாங்க வேண்டும்.

ஊருக்குள்ளும் இது பரவியது. நோய் பரவவில்லை, வில்லை பரவியது. வசதியானவர்கள் ஆளுக்கொன்று வாங்கிச் சட்டைக்கு மேலேயே ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். என் டாக்ஸியில் ஏறுகிறவர்கள் பேசிக்கொண்டதையெல்லாம் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. “எனக்கு மந்திரி வாசல்ல வந்தது” என்பார் ஒருவர். “எனக்கு பேங்க் சேர்மன் வாசல்” என்பார் பக்கத்தில் இருப்பவர். முன் சீட்டில் இருந்த ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டே, தனக்குக் குடிநீர் வாரிய கிளார்க் வாசலில் வந்ததாகச் சொன்னார். பின்னால் இருந்த இரண்டு பேரும் அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. கிளார்க்குக்கெல்லாம் தடுமாறுகிற இதயம் ஓர் இதயமா? அக்கா கடைக்கு வந்தவர்கள், வில்லை வெளியே தெரிகிற மாதிரி மார்பில் ஜன்னல் வைத்துச் சட்டை தைக்கச் சொன்னார்கள். அவளும் தைத்தாள். அதே மெஷினில் தனக்கு மறுபடி ஓர் உயரக் காலர் சட்டையும் தைத்தாள்.

அந்தச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். “பெரிசாகுதா?” என்று கேட்டேன்.

“பட்டாணிதான்” என்றாள். பட்டாணி இல்லை. எனக்குக் கண் இருக்கிறது.

தினமும் சும்மா உட்கார்ந்து பார்த்தவள், பிறகு வேலையை பெஞ்சுக்கே கொண்டுவந்துவிட்டாள். பட்டன் தைப்பாள், ஓரம் மடிப்பாள், காஜா எடுப்பாள். வாசல் உதவியாளர் தன் கால்சட்டையைக் கொடுத்து நீளம் குறைத்துக்கொண்டார். டைரக்டர் அறைக் கதவு திறந்தாலும் அவள் நிமிர மாட்டாள், மூடினாலும் நிமிர மாட்டாள். ஒருநாள் டாக்டரம்மா மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

“ஒரு தடுமாற்றம்கூட இல்லங்க. காலையில இருந்து கடிகாரம் மாதிரி ஓடுது. நீங்க குணமாயிட்டீங்க. நாளைக்கு முதல் வேலையா ஒப்புதல், உடனே ஊசி.”

அக்கா ஊசியையும் நூலையும் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாளைக்கு என்பது வந்தது. கூடவே மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரியும் வந்தார். வாசல்துடிப்பு ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணம் எங்கே போகிறது என்று பார்க்க வந்தாராம். நேராக டைரக்டர் அறைக்குள் போனார். டைரக்டரின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். “நீங்க கொஞ்சம் வெளிய இருங்க” என்று டைரக்டரிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

டைரக்டர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கயிற்றைத் தாண்டி, பெஞ்சில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உள்ள என்ன பேசறாங்கன்னு இங்க கேக்குமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“கேக்காது சார். நானும் காதைக் கொடுத்துப் பாத்திருக்கேன்.”

“எப்போ கூப்பிடுவாங்க?”

“அது உள்ள இருக்கறவங்களுக்கே தெரியாது சார்.”

அவர் தன் கோட்டு பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தார். அது கையோடு வந்துவிட்டது. அக்கா அதை வாங்கித் தைத்துக் கொடுத்தாள்.

அதற்குள் வரவேற்பறையில் கூட்டம் கூடிவிட்டது. அளவுகோல் இதயத்தின் கோடு, கோழி கிளறிய மண் மாதிரி திரை முழுக்கச் சிதறிக் கிடந்தது. யாருக்கும் வாய் திறக்கத் தைரியம் இல்லை. துணை டைரக்டர்தான் சமயோசிதமாகத் திரைக்கு முன்னால் ஒரு பூத்தொட்டியை நகர்த்தி வைத்தார்.

அவசரக் கூட்டம் போட்டார்கள். டைரக்டருக்கு நோய் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஆரோக்கியம் என்றாலே அவர்தான். அளவுகோல் தப்பாக இருக்காது. எனவே அளந்ததுதான் தப்பு. இரண்டு மணி நேரம் சிந்தித்து ஓர் ஆணையை வெளியிட்டார்கள்: ‘மேலதிகாரியின் வாசலில் அமர்ந்திருக்குங்கால் துடிப்பு தடுமாறுதல், பண்பட்ட, பொறுப்புணர்வு மிக்க, பூரண ஆரோக்கியமுள்ள இதயத்தின் இயல்பு எனத் தீர்மானிக்கப்படுகிறது. அவ்வாறு தடுமாறத் தவறும் இதயங்கள் கோளாறுடையவையாகக் கருதப்படும். கோளாறுடைய இதயங்களுக்கு மருந்து வழங்கப்பட மாட்டாது.’

மேலிடத்து அதிகாரிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது என்று சொன்னார்கள்.

டாக்டரம்மா வந்து பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “முன்னாடி தடுமாறினதால தரல. இப்போ தடுமாறலைன்னு தர மாட்டாங்களாம்.”

அக்கா தைத்துக்கொண்டிருந்த நூலைக் கடித்து அறுத்தாள். பிறகு சொன்னாள், “கஷ்டப்பட்டுப் பழகிக்கிட்டேனேம்மா. மறுபடி எப்படிப் பயப்படறது?”

கழுத்தில் காலருக்கு மேல் வீக்கம் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மண்டைக்குள் ஏதோ ஒன்று சட்டென்று வேலை செய்தது.

“அக்கா, உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன். கடைச் சாவியை உன் ஓர்ப்படிகிட்ட குடுத்துட்டு வந்துட்டேன். இன்னைக்கு வெட்ட வேண்டிய துணியெல்லாம் அவங்களே வெட்டிடறாங்களாம்.”

டாக்டரம்மா கையில் இருந்த, துடிப்பைக் காட்டும் கருவி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அவள் எழுந்து ஓடினாள். பத்து நிமிஷத்தில் ஒப்புதல் வந்தது. அரை மணி நேரத்தில் ஊசி போட்டார்கள்.

“பொய்தானேடா?” என்றாள் அக்கா, கட்டிலில் படுத்துக்கொண்டே.

“பொய்தான்.”

“படுபாவி” என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

விஷயம் காத்திருந்த மற்ற நோயாளிகளுக்குத் தெரிந்துவிட்டது. ரொம்ப நாள் வந்து வந்து பழகிப்போன இதயங்கள் அங்கே நிறைய இருந்தன. “தம்பி, எனக்கும் ஏதாவது சொல்லுப்பா” என்று வந்தார்கள். ஒருவரிடம் உங்கள் ஸ்கூட்டரை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்றேன், ஒரு அம்மாவிடம் உங்கள் மருமகளும் சம்பந்தியும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்றேன். எல்லாருக்கும் ஊசி கிடைத்தது. டைரக்டர் காதுக்குப் போயிற்று. என்னை உள்ளே கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். வேலை கொடுத்தார்.

துடிப்புத் தூண்டல் அலுவலர். என் பதவியின் பெயர் அதுதான். டாக்ஸியை விற்றுவிட்டேன். எனக்குத் தனி அறை, சுழல்கிற நாற்காலி, மேஜைமேல் ஒரு மணி. முறைப்படி வாசலில் ஒரு பெஞ்சும் போட்டுக் கொடுத்தார்கள். வேலை அதிகம். ஒவ்வொருவர் குடும்பத்தையும் விசாரித்துப் பொருத்தமான பொய்யாக யோசிக்க வேண்டுமே, லேசுப்பட்ட காரியமா? அதனால் வருகிறவர்களை உடனே உள்ளே கூப்பிட முடிவதில்லை.

ஐந்தாவது ஊசிக்கு அக்கா வந்தாள். உதவியாளர் எட்டிப் பார்த்து, “சார், உங்க அக்கா வந்திருக்காங்க” என்றார். அன்றைக்கு எனக்கு ஒரு கூட்டத்துக்குக் குறிப்பு தயார் செய்ய வேண்டியிருந்தது.

“உக்காரச் சொல்லுங்க” என்றேன்.

குறிப்பு முடியச் சாயந்திரம் ஆகிவிட்டது. அவளுக்குச் சொல்ல ஒரு நல்ல பொய்யும் யோசித்து வைத்திருந்தேன். மணி அடித்தேன்.

உதவியாளர் வந்தார். “உங்க அக்கா போயிட்டாங்க சார். மத்தியானமே உங்க வாசல் பெஞ்சுல தடுமாறிடுச்சாம். நீங்க ஒண்ணும் சொல்லத் தேவைப்படலைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. இதுவரைக்கும் இந்த மாதிரி ஒரு தடுமாற்றத்தைப் பாத்ததே இல்லைன்னு டைரக்டர் பாராட்டினாராம்.”

“ஊசி போட்டாச்சா?”

“ஊசி வேண்டாம்னு கட்டி டாக்டர் சொல்லிட்டாராம், ஸ்கேன் பாத்துட்டு. அக்கா உங்களுக்கு ஒரு சேதி சொல்லிட்டுப் போனாங்க சார்.”

“என்ன?”

“‘சாருக்கு நேரம் கிடைக்கறப்போ சொல்லிடுங்க, கட்டி போயிடுச்சுன்னு.’”