ராஜாராமின் காந்த வண்டி

“யோவ், நாலு லட்சம் பேரு பாத்துக்கீறாங்கய்யா!” என்று மனைவி ஜெயப்பிரியா போனை நீட்டினாள். ராஜாராமுக்கு இட்லி தொண்டையில் நின்றது.

உத்திரமேரூரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவனுக்கு இந்த வேண்டாத வேலை எதற்கு? உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் குச்சியில் கட்டி மொபெட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு, “காந்தம் இழுக்குது, வண்டி ஓடுது! பெட்ரோலே வாணாம்!” என்று கத்தியபடி ஏரிக்கரைச் சரிவில் உருண்டு வந்தான். அவள் வீடியோ எடுத்து நெட்டில் போட்டாள். சிரிப்பார்கள் என்று பார்த்தால், பாவிகள், நம்பித் தொலைத்தார்கள்!

“இங்க ஒருத்தன், ‘ஊர ஏமாத்துறான், புடிச்சு உள்ள போடுங்க’ன்னு எழுதிக்கீறான்.”

ஆடி மாசம். கூழ் ஊற்றும் கோயில்களுக்கெல்லாம் ராஜாராமின் மைக் செட்தான். இப்போது உள்ளே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அவசரமாக வீடியோவை அழித்தான்.

அரை மணி நேரத்தில் மச்சான் கேசவன் ஓடி வந்தான். “இன்னா மாமா, பெட்ரோல்காரன் உன்ன வெலைக்கு வாங்கிட்டானாமே? ஊரே பேசிக்கினு கீது.”

உடனே ராஜாராம் இன்னொரு வீடியோ போட்டான். “அது சரிவுல உருண்டதுங்க. காந்தமெல்லாம் சும்மா டமாசு.” பயத்தில் வியர்வை வழிந்தது.

“போச்சு,” என்றாள் ஜெயப்பிரியா. “யாரோ கத்திய வச்சு மிரட்டிப் பேச வக்கிறாங்களாம். உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே அப்டித்தான் தோணுது.”

மொபெட் கண்ணில் பட்டால்தானே வம்பு? கேசவன் வீட்டு வைக்கோல் போருக்குள் அதைச் செருகினான். மதியத்துக்குள் வண்டியை யாரோ கடத்திவிட்டதாக ஊர் முழுக்கச் செய்தி. சாயங்காலம் கேசவன் போன் செய்தான்.

“மாமா, கவர்மெண்ட் ஜீப்புல ஆளுங்க வந்துக்கீறாங்க. உன் வூட்டுக்கு வழி கேக்குறாங்க!”

ராஜாராம் கொல்லைப் பக்கம் ஓடலாமா என்று யோசிப்பதற்குள் ஜீப் வாசலில் நின்றது. வந்த சத்தமே கேட்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டுப் பூனை மாதிரி வந்திருக்கிறார்கள், தப்பி ஓடிவிடக் கூடாதென்று!

அதிகாரிக்கு மேல்மூச்சு வாங்கியது. அவ்வளவு கோபம். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“நீதானே... காந்த வண்டி?”

ராஜாராம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். “சார், எல்லாம் பொய் சார்! மேட்டுலேந்து உருண்டேன் சார்! புள்ள குட்டிக்காரன், உள்ள போட்றாதீங்க சார்!”

அதிகாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். ஜீப்புக்குப் பின்னாலிருந்து டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து ராஜாராமைத் தூக்கி நிறுத்தினார்.

“பயந்துக்கினு நீ அப்டித்தான் சொல்லுவேன்னு எங்களுக்குத் தெரியும்ப்பா. டீசல் தீந்துபோயி பஸ் ஸ்டாண்டுலேந்து தள்ளிக்கினு வர்றோம், அந்தக் காந்தத்த எடுத்தாந்து இதுல கொஞ்சம் கட்டு.”