தேதி மட்டும் பாக்கி

"அண்ணே! மூணாம் பக்கத்துல மேடம் செத்துட்டாங்களே!"

சித்தப்பா போட்ட கூச்சலில் அச்சு மிஷினே ஒரு சுற்று தடுமாறியது.

மிஷின்காரர் அசையவில்லை. கையிலிருந்த மையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பார்த்தேன் தம்பி. போட்டோ நல்லாத் தெளிவா விழுந்திருக்கு."

"அவங்க உயிரோட இருக்காங்கண்ணே!"

"எனக்கென்ன தெரியும்? விளையாட்டு விழாச் செய்தி வரல. பாதிப் பக்கம் காலி. கம்ப்யூட்டர்ல இது ரெடியா இருந்துச்சு, தேதி மட்டும் பாக்கி. நேத்துத் தேதியப் போட்டு ஓட்டிட்டேன். கீழ 'பக்கப் பொறுப்பு'ன்னு உங்க பேருதான் இருக்கு."



சித்தப்பா என்பது வகுப்பில் வைத்த பெயர். நாற்பத்தொன்றாம் வயதில், மாமனாரின் குழாய்க் கடையிலிருந்து தப்பித்து, இதழியல் எம்.ஏ.வில் சேர்ந்த மனிதரை இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் வேறென்னவென்று கூப்பிடுவார்கள்? மனைவி தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "ரெண்டு வருஷம் உங்க ஆசைக்கு. தேறலேன்னா மறுபடி அப்பா கடை." அந்த இரண்டு வருடம் இந்த வாரத்தோடு முடிகிறது. கடைசி மதிப்பெண்ணைப் போடவேண்டியவர் பேராசிரியை. அவரைத்தான் கல்லூரி இதழில் சித்தப்பாவின் பக்கம் இப்போது கொன்றுவிட்டிருந்தது.

எல்லாம் ஒரு வீட்டுப்பாடத்தால் வந்த வினை. பெரிய மனிதர்களுக்கான இரங்கல் கட்டுரையைப் பத்திரிகைகள் அவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுதிப் பத்திரப்படுத்தி வைக்கும். நாள் வந்ததும் தேதியைச் சேர்த்தால் போதும். "ஆளுக்கு ஒருத்தரை எடுத்துக்கிட்டு எழுதுங்க. அவங்ககிட்டயே காட்டிச் சரிபார்த்து வாங்குங்க" என்றார் பேராசிரியை. சித்தப்பா அதிபுத்திசாலித்தனமாகப் பேராசிரியையையே எடுத்துக்கொண்டார்.

அம்மையாருக்கு 'சிவப்பு மை' என்று பெயர். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூடப் பிழை திருத்தித் திருப்பிக் கொடுப்பவர். தன் இரங்கலை வாங்கிப் படித்து, வயதில் இரண்டைக் குறைத்து, அடியில் ஒரு வரியையும் சேர்த்தார்: 'ஒன்பது ஆண்டுகளாக அவர் கேட்டுவந்த ஒலிப்பதிவுக் கூடம் கடைசிவரை கிடைக்கவில்லை.'

"இது எதுக்கு மேடம்?"

"உண்மைதானே? மாடிப்படிக்கு அடியில உட்கார்ந்து வானொலிப் பாடம் நடத்தறேன். செய்தி வாசிச்சா மேல நடக்கறவங்க செருப்புச் சத்தமும் சேர்ந்து பதிவாகுது. போடுங்க."

நேற்றிலிருந்து அவர் இரண்டு நாள் விடுப்பு. போனை எடுக்கவில்லை. இருபது முறை அடித்தபின் அணைத்தே வைத்துவிட்டார்.

சித்தப்பா கல்லூரி முழுக்க ஓடினார். சிற்றுண்டிக் கூடம், நூலகம், வாகன நிறுத்தம் என்று கண்ட இடத்திலெல்லாம் இதழைப் பிடுங்கினார். மூன்று வருடமாக அந்த இதழை மேசை துடைக்க மட்டுமே பயன்படுத்திவந்த கணிதத் துறை அன்றுதான் முதன்முதலாக அதைப் படித்தது.

"இப்படிப் பிடுங்கறாருன்னா உள்ள என்னமோ இருக்குடா!"

பத்து நிமிடத்தில் நானூறு பிரதியும் படிக்கப்பட்டு, வாய்வழியாக நாலாயிரமாகப் பெருகிவிட்டது.

சரி, பிடுங்கினால் ஆகாது, அறிவிப்போம் என்று பலகைக்கு ஓடினார். இரண்டு வருடம் கற்ற பாடம் கையைப் பிடித்துக்கொண்டது. தானே நேரில் உறுதிசெய்யாத எதையும் எழுதலாமா? மேடம் போனையும் எடுக்கவில்லையே! ஆகவே பொறுப்பான பத்திரிகையாளராக எழுதினார்: 'பேராசிரியை மறைவு குறித்த செய்தி இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.'

அதைப் படித்த ஒரு மாணவி ஓவென்று அழுதாள். "உறுதியாகலைன்னா... இன்னும் டாக்டர் வந்து பார்க்கலைன்னு அர்த்தம் சித்தப்பா!"

கடைசியாகத் திருத்தச் சீட்டு. மிஷின்காரர் காலைத் தொடாத குறையாகக் கெஞ்சி ஐந்நூறு சீட்டு அடித்தார். மேலே பேராசிரியையின் படம். படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம், ஏனென்றால் அச்சகத்தில் வேறு கட்டம் இல்லை. கீழே கொட்டை எழுத்தில் 'வருந்துகிறோம்'. அதற்கும் கீழே, எறும்பு கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவேண்டிய அளவில், தவறுதலாக வெளிவந்துவிட்டதென்ற விளக்கம்.

ஒரு மணி நேரத்தில் அந்தச் சீட்டு கல்லூரியின் எல்லாக் கதவிலும் ஒட்டப்பட்டிருந்தது. முதல்வரின் காரிலும்.

அப்போது பார்த்து மனைவியின் போன். "என்னங்க, உங்க மேடம் போயிட்டாங்களாமே? அப்ப உங்களுக்கு மார்க் யாரு போடுவா?"

"அவங்க போகலடி!"

"பாவம், ரொம்ப ஆடிப்போயிருக்கீங்க. தண்ணி குடிங்க. அப்பாகிட்டச் சொல்லிடறேன், கடையில ஆள் வேணும்னுதான் இருக்காரு."

மூன்று மணிக்கு இரங்கல் கூட்டம் என்று முதல்வர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். பேராசிரியையிடம் படித்தவர்கள் ஊரிலுள்ள எல்லாப் பத்திரிகையிலும் இருந்ததால் கேமராக்கள் படையெடுத்து வந்தன. மலர்வளையங்கள் அரங்கில் கொள்ளாமல் வாசலில் வரிசையில் நின்றன.

சித்தப்பா முட்டி மோதி மேடையேறினார். "சார், ஒரு நிமிஷம். மேடம் சாகல."

முதல்வர் அவர் தோளில் கை வைத்தார். "புரியுதுப்பா. எனக்கும் அப்படித்தான் இருக்கு. வா, நீயே முதல்ல பேசு."

மைக் கைக்கு வந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. சித்தப்பா நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துக் கத்தினார்:

"மேடம் சாகல!"

"ஆமா! சாகல!" என்று அரங்கமே எழுந்து நின்றது. "நம்ம மனசுல இருக்காங்க!"

"இல்லைங்க, நிஜமாவே உயிரோட..."

"உயிரோட இருக்காங்க!" கைதட்டல் கூரையைத் தூக்கியது. இரண்டு பேர் வந்து சித்தப்பாவைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஒருவர் விசிறினார்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். இரங்கலின் கடைசி வரியை உரக்கப் படித்தார். ஒன்பது ஆண்டுகள், ஒலிப்பதிவுக் கூடம், கிடைக்கவில்லை. எல்லாக் கேமராவும் அவர் முகத்தைக் குறிவைத்தன.

"ஒன்பது வருஷமா அந்தக் கோப்பு என் மேசையிலதான் இருக்கு" என்றார். "கொண்டுவாங்க அதை. இங்கேயே கையெழுத்துப் போடறேன். அவங்க பேர்லயே கூடம்!"

கோப்பு வந்தது. தூசி தட்டினார்கள். முன்வரிசை முழுக்கத் தும்மியது. முதல்வர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கேமராக்களுக்கு உயர்த்திக் காட்டினார்.

அப்போது பின்கதவு திறந்தது. கையில் பயணப் பெட்டி, தோளில் குடை. பேராசிரியை.

கணிதத் துறைத் தலைவர் மலர்வளையத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

"என்ன, எல்லாரும் இங்க இருக்கீங்க?" அம்மையார் நிதானமாக நடந்து மேடைக்கு வந்து, கோப்பைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அடடே, கூடமா! ரொம்ப நன்றி சார்."

கோப்பைப் பிடுங்கலாமா என்று முதல்வரின் கை ஒருமுறை நீண்டது. பன்னிரண்டு கேமராக்கள் அந்தக் கையையே பார்த்தன. கை மெதுவாகத் திரும்பி, கைதட்டத் தொடங்கியது.

பிறகு அவர் பார்வை சித்தப்பாவின் பக்கம் திரும்பியது. "யாருடா இந்தப் பக்கத்துக்குப் பொறுப்பு?"

"என் மாணவர் சார். நானே கவனிச்சுக்கறேன்" என்றார் பேராசிரியை.

கவனிப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. தன் இரங்கலைச் சிவப்புப் பேனாவால் ஒரு மேய்ச்சல் மேய்ந்தார். "ரெண்டாவது பத்தியில 'அன்பே உருவான'ன்னு எழுதியிருக்கீங்க. சரிபார்க்காத தகவல். அடிச்சுடறேன். மத்தபடி நல்லா இருக்கு." மூலையில் ஒரு எண்ணை எழுதினார். எழுபத்தெட்டு.

சித்தப்பா தாளை மடிக்கவும் தோன்றாமல் அச்சகத்துக்கு நடந்தார். மிஷின்காரர் நாளைய வேலைக்குத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எனக்குத் தலையே சுத்துது. உயிரோட இருக்கறவங்களைச் சாகடிச்சிருக்கேன். திட்டக்கூட இல்லை. எழுபத்தெட்டு போட்டிருக்காங்க!"

மிஷின்காரர் தாளை ஒரு தட்டு தட்டிச் சமன்செய்தார்.

"திட்டுவாங்களா பின்ன? 'விளையாட்டுச் செய்தியை எடுத்துடு, இதைப் போடு, தேதி நேத்து; முதல்வர் மூணு மணிக்குக் கூட்டம் வைப்பாரு, கையெழுத்து ஆனதும் நான் வந்துடறேன்'னு சொல்லிட்டுத்தானே தம்பி அவங்க லீவே போட்டாங்க!"