நீலமேகம் வீட்டுப் பாடும் மாற்ற வேண்டிய புளியும்

என் கூடப் பிறந்த அண்ணன், ஆரம்பாக்கம் ஆதிநாராயணன் அவர்களுக்குக் கோட்டைக்குப்பத்திலிருந்து தங்கை இருசம்மாள் கும்பிட்டு எழுதுவது. அண்ணி நலமா, மாடு நலமா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா. இவ்விடம் எல்லாரும் நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். அதனால் எழுதிவிட்டேன். அது பொய்.

நீ பதினாறாம் நாள் காரியம் முடித்து வண்டி ஏறின பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அழுத்தி எழுதினால் ஓலை கிழிகிறது, மெதுவாக எழுதினால் கோபம் வரமாட்டேன் என்கிறது, அதனால் அங்கங்கே கிழிந்திருந்தால் அது கோபம் என்று புரிந்துகொள். சந்தையில் துணிச் சிப்பம் என்று இறக்கி வைத்துவிட்டுப் போனார்களே, உள்ளே வெடிமருந்து இருந்து வெடித்ததே, அது யார் வேலை என்று இன்னும் தெரியவில்லை. பறங்கி என்கிறார்கள், நவாப்பு ஆள் என்கிறார்கள், வடக்கே ஏதோ ராஜா என்கிறார்கள். செத்தது பன்னிரண்டு பேர், அதில் என் வீட்டுக்காரர் ஒருத்தர், அது மட்டும்தான் எல்லாருக்கும் ஒத்துப்போகிற சேதி. முதல் வாரம் நீயே பார்த்தாய், ஊரே ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சியது, யார் பிணத்தை யார் தூக்குகிறார் என்று பார்க்காமல் தூக்கினார்கள். அப்புறம் ஒல்லாந்துக்காரர் கோட்டையிலிருந்து, துரை பேச்சைத் தமிழில் சொல்கிற துபாஷி வந்து, நாமெல்லாம் ஒன்று, அதற்கு அடையாளமாக வீட்டுக்கு வீடு கூரையில் வெள்ளைத் துணி கட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு இரண்டாக உடைந்ததுதான்.

கூரையில் கிழக்குப் பக்கம் துணி கட்டினவன் கோட்டைக் கட்சி. கோட்டை இல்லாவிட்டால் நாம் எல்லாரும் செத்திருப்போம் என்பான். அதற்குத் தலைவர் என் வீட்டுக்காரருடைய அண்ணன், என் மூத்தார் திருவேங்கடம். மேற்குப் பக்கம் கட்டினவன் ஊர்க் கட்சி. கோட்டை இருந்ததால்தான் செத்தோம் என்பான். அதற்குத் தலைவர் என் வீட்டுக்காரரோடு ஒரே தோணியில் போன நாகப்பன். நாமெல்லாம் ஒன்று என்று இரண்டு பேரும்தான் சொல்கிறார்கள், யார் முதலில் சொன்னது என்பதில்தான் அடிதடி. என் வீட்டில் ஏன் துணி இல்லை என்று இரண்டு பக்கத்து ஆளும் வந்து கேட்டார்கள். இந்த வீட்டில் இருக்கிற ஒரே வெள்ளைத் துணி என் இடுப்பில் இருக்கிறது, அவிழ்த்துக் கட்டவா என்று கேட்டேன். போய்விட்டார்கள்.

அதோடு விட்டார்களா, ஊர்ப் பொதுச் சாமானைப் பங்கு போட்டார்கள். முகத்துவாரத்தில் கட்டுகிற பெரிய வலை மூத்தார் வீட்டுக்குப் போயிற்று. அதை நட்டுக் கட்டுகிற கழியும் கயிறும் நாகப்பன் வீட்டுக்குப் போயிற்று. தோணிகள் ஒரு பக்கம், துடுப்புகள் ஒரு பக்கம். இறால் கூட்டம் கூட்டமாக முகத்துவாரத்தில் வந்து எங்களைத் தேடிவிட்டுப் போகிறது, ஒருத்தன் வலையைக் காவல் காக்கிறான், ஒருத்தன் கழியைக் காவல் காக்கிறான், ஊர்ப் பிள்ளைகள் வெறும் கூழ் குடிக்கிறார்கள்.

என் கவலை என்னவென்றால் அண்ணா, முகத்துவாரப் பாடு இப்போது, அவர் பேரில் நீலமேகம் வீடு என்று ஊர் சொல்கிற எங்கள் வீட்டு முறை. பாடு என்றால் உங்கள் பக்கம் ஏர் உழுகிறவர்களுக்குத் தெரியாது, அண்ணிக்குச் சொல். வீட்டுக்கு ஒரு முறை, அம்மன் முன்னால் சீட்டுப் போட்டு வரிசை வைப்பார்கள், முன்னால் இருக்கிற வீட்டைத் தாண்டி யாரும் அங்கே வலை கட்டக் கூடாது. ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு ஊரே சேர்ந்து கட்டித் தர வேண்டும், அது சத்தியம். ஆனால் அமாவாசைக்குள் கட்டாமல் விட்டால் அந்த வீட்டுப் பேரை எடுத்துவிடுவார்கள். பேர் போனால் இந்தக் குப்பத்தில் நான் யார்? அமாவாசை வரைக்கும் பொறுத்தால் என் பேர் போகும், வரிசை நகரும் என்று இரண்டு கட்சியும் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு காரியத்தில்தான் ஒற்றுமை. வரிசை நகர்ந்த பிறகும் வலை அங்கே, கழி இங்கே என்று எந்தப் புத்திசாலிக்கும் தோன்றவில்லை.

நேற்று அம்மன் கோயில் எதிரில் கூட்டம். பாடு கட்ட வழி சொல்லுவார்கள் என்று போனேன். என் வீட்டுக்காரருக்குக் கல் நடுகிறார்களாம். ஒன்று இல்லை, கட்சிக்கு ஒரு கல். இரண்டையும் கொண்டு வந்து என் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டார்கள், நான் ஒன்றில் கருவாடு காய வைத்திருக்கிறேன். கோட்டையைக் காக்க உயிர் கொடுத்தான் என்று வெட்ட வேண்டும் என்றார் மூத்தார். கோட்டையை எதிர்த்து உயிர் கொடுத்தான் என்று வெட்ட வேண்டும் என்றார் நாகப்பன். நீயே சொல்லும்மா என்று என் பக்கம் திரும்பினார்கள். உன்னிடம்கூடச் சொல்லாததை அங்கே சொல்லிவிட்டேன்.

"கோட்டைக்காவவும் இல்ல, ஊருக்காவவும் இல்ல. புளிக்காவ. பூச்சி புடிச்ச புளிய வாங்கியாந்தாரு. இத்த மாத்திக்கினு வந்தாத்தான் சோறுன்னு நான் சந்தைக்குத் துரத்துனேன். அத்த வெட்டுங்க கல்லுல."

பிறகு கிழக்குத் துணி வீட்டு முனியம்மா எழுந்து, "எங்கம்மா வெத்தலைக்குப் போச்சு. வாயில போட்டுச்சோ இல்லியோ, தெரியல" என்றாள். மேற்குத் துணி வீட்டுக் குப்பம்மாள், "என் தம்பி ஒண்ணுத்துக்கும் போவல. இன்னா கூட்டம்னு பாக்கப் போனான்" என்றாள். அப்படியே எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போனார்கள். பாடு கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆகையால் அண்ணா, அமாவாசை அன்றைக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப் போய்விடு. சட்டி பானையைக் கட்டி வைத்துவிட்டேன். உன் வீட்டில் ஒரு மூலை போதும், அண்ணி சொல்வதை எல்லாம் கேட்கிறேன், பாதியாவது கேட்கிறேன். வரும்போது நல்ல புளி ஒரு படி கொண்டு வா. அன்றையிலிருந்து நான் புளியைத் தொடவில்லை, உன் கையால் கொடுத்தால் தொடுவேன். அம்மன் உன் வீட்டையும் மாட்டையும் காக்கட்டும். அண்ணிக்கு என் கும்பிடு.

தங்கை இருசம்மாள்

மறுபடியும் எழுதுவது. இந்த ஓலையைக் கொண்டு வருகிற உப்புக்கார மாசிலாமணியின் கழுதை நொண்டியதால் மூன்று நாள் தாமதம். மேலே எழுதியது ஒன்றையும் படிக்காதே. நீ இதைக் கடைசியில்தான் படிப்பாய், என்ன செய்வது.

வண்டி வேண்டாம். முந்தாநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் புளி. ஓலைப் பொட்டலத்தில், சட்டியில், கந்தல் துணியில், பதினேழு வீட்டுப் புளி. எது கிழக்கு, எது மேற்கு என்று தெரியவில்லை. துறையில் சத்தம் கேட்டுப் போனேன். மூத்தார் ஆட்கள் வலையோடு ஒரு பக்கம் நிற்கிறார்கள், நாகப்பன் ஆட்கள் கழியோடு ஒரு பக்கம் நிற்கிறார்கள், பேச்சு இல்லை. என்னையும் தோணியில் ஏற்றினார்கள், எதற்கு என்று அங்கே போனதும் தெரிந்தது.

"இருசம்மா, கழிய ஒரு முழம் தள்ளி நடச் சொல்லு அந்தாள" என்றார் மூத்தார். அந்தாள் கையெட்டும் தூரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்.

"எனக்குக் காது கேக்குது. நீயே சொல்லு" என்றார் நாகப்பன்.

மூத்தார் வானத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "அப்ப நடு" என்றார்.

அவ்வளவுதான் பேசினார்கள். நாலு கூடை இறால். என் பேர் வரிசையில் நிற்கிறது. கூரைத் துணி இன்னும் கிழக்கிலும் மேற்கிலும்தான் இருக்கிறது, கல்லில் என்ன வெட்டுவது என்று நேற்றும் சத்தம் கேட்டது, ஆனால் இன்றைக்கு முனியம்மா வீட்டுப் பாடு கட்ட இரண்டு கட்சியும் போயிருக்கிறது.

புளியும் கொண்டு வராதே. நேற்று ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன், பூச்சி. யார் வீட்டுப் புளியோ. இதை மாற்றி வா என்று இனிமேல் நான் யாரையும் அனுப்புவதில்லை. பூச்சியை எடுத்துப் போட்டுவிட்டு, கரைத்து, இறால் குழம்பு வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.