சால்வைக்குள் இருந்த பை

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மனைவியின் தம்பி தலைகுனிந்து எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலத்தை விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை என்று என் மகள் சொல்லிவிட்டதால் அந்த வரியை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

"மாமா வராம என் கல்யாணம் நடக்காதுப்பா. மன்னிப்புக் கேட்டு லெட்டர் போடுங்க. போன்ல வேணாம், போன்ல நீங்க சண்ட போட்ருவீங்க," என்றாள். மாப்பிள்ளை வீட்டில் தேதி குறித்தாகிவிட்டது. ஆகவே எழுதுகிறேன். அவள் சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன். எழுதியிருக்க மாட்டேன், பொய் எதற்கு.

போன வருடம் அம்மாவின் நினைவு வழிபாடு முடிந்த மறுநாள், மறந்து வைத்த குடையை எடுக்கப் பிரார்த்தனைக் கூடத்தின் பின்பக்கம் போனேன். முன்பக்கம் நாம் கண்ணீர் மல்க நின்றோமே, அதற்கு நேர் பின்னால் நாம் குடித்துப் போட்ட தண்ணீர்ப் பாட்டில், டம்ளர், தட்டு, பூ சுற்றி வந்த உறை எல்லாம் சாக்கடையை அடைத்துக்கொண்டு மேலே பொங்கி நின்றன. ஒரு துண்டுக் கயிற்றைக்கூடச் சுருட்டி வைத்துக்கொண்டவள் அம்மா. அவள் பெயரில் இத்தனை குப்பையா என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. இதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. அந்தப் பாட்டிலும் தட்டும் தங்கள் மொத்த வியாபாரக் கடையிலிருந்து வந்தவை என்பது தற்செயல். கூடத்தின் செயலாளரிடம் விடாமல் மனு கொடுத்தேன். என் வாயை அடைக்க வழி தெரியாமல், இந்த வருடம் என்னையே பிளாஸ்டிக் தடுப்புப் பொறுப்பாளர் ஆக்கி, கையில் ஒரு மைக்கையும் கொடுத்துவிட்டார். குரங்கு கையில் பூமாலை என்பார்கள். அங்கே மாலை பிய்ந்ததோடு கதை முடியும். அலுவலகத்தில் ஒரு பதவி உயர்வும் காணாதவன் கையில் மைக் கிடைத்தால் எது பிய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை.

இந்த வருட வழிபாட்டன்று காலை கூடத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பாட்டில்களைப் பிடுங்கினேன். பூவை உறையிலிருந்து உருவினேன். சொந்தக்காரர்கள் எனக்குச் 'சோதனைச்சாவடி' என்று பெயர் வைத்தது காதில் விழுந்தது, பெருமையாகத்தான் இருந்தது. அடுத்து அக்கா அம்மாவின் படத்தைக் கொண்டுவந்தாள். லேமினேட் செய்த படம். சட்டம் என்றால் அம்மாவுக்கும் சட்டம்தானே என்று ஓரத்தைப் பிளேடால் கீறி இழுத்தேன். உறையோடு அம்மாவின் இடது கண்ணும் பாதி மூக்கும் சேர்ந்து வந்துவிட்டன. "டேய், அம்மாவ என்னடா பண்ணி வச்சிருக்க!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பசை தடவித் திரும்ப ஒட்டினேன். கண் சற்று மேலே ஏறிக்கொண்டது. உயிரோடு இருந்தபோது என்னை எப்படிப் பார்ப்பாளோ, அதே பார்வை. அப்போதாவது நான் எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

அப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள். வெயிலில் சால்வை போர்த்திக்கொண்டு, இடது பக்கம் எதையோ அணைத்துக்கொண்டு. "வாங்க மாப்ள, இன்னைக்கு நீங்கதான் கலெக்டரா?" என்று சிரித்துவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போனீர்கள். நான் என்ன நினைப்பேன் அத்தான்? பஸ் எத்தனை மணிக்கு என்று யாராவது கேட்டால்கூட, "எம்.ஏ. படிச்சவரு இருக்காரு, அவரக் கேளுங்க" என்று என்னைக் காட்டிச் சிரிக்கிறவர் நீங்கள். உங்கள் கல்யாணப் போட்டோவில் "மாப்ள, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று தள்ளித் தள்ளி, அந்த ஆல்பத்தில் இன்றுவரை நான் ஒரு முழங்கையாக மட்டுமே இருக்கிறேன். என் சட்டத்தை உடைக்கக் கடைச் சரக்கைக் கடத்துகிறார் என்றுதான் நினைத்தேன்.

எல்லாரும் கண்ணை மூடியிருந்த மௌன நேரத்தில் உங்கள் பக்கம் சரசர என்று சத்தம். கேரி பேக் சத்தம் எனக்குத் தெரியாதா? மைக்கோடு வந்து நின்றேன்.

"அத்தான், சால்வைக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல மாப்ள. அப்புறம் சொல்றேன்."

"டேய், வேணாம்டா, போடா அந்தப் பக்கம்," என்றாள் அக்கா.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா," என்றேன். மைக்கில். சால்வையை விலக்கிக் கேரி பேக்கை இழுத்தேன். அதற்குள் இன்னொரு பை. அதிலிருந்து ஒரு குழாய் உங்கள் உடைக்குள் போனது. ஆபரேஷன் ஆனவர்களுக்கு மாட்டிவிடும், சிறுநீர் சேரும் பை.

ஆபரேஷனை யாருக்கும் சொல்லாமல், அந்த நாட்களில் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கூடமே கண்ணைத் திறந்துவிட்டது. காது மந்தமான பெரியப்பா மட்டும், "ஜூஸா கொண்டாந்திருக்காரு? எனக்கும் ஒரு டம்ளர் ஊத்தச் சொல்லு," என்றார். சிலர் சிரித்தார்கள். நீங்கள் சால்வையைச் சரிசெய்துகொண்டு மெதுவாக எழுந்து போனீர்கள். குழாய் இழுக்கும் என்பதால்தான் அந்த மெதுவான நடை என்று அக்கா பின்னால் சொன்னாள்.

சாயங்காலம் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு குப்பை இல்லை. சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது. பாராட்ட ஆள் இல்லை. செயலாளர் வந்து, "சார், அந்த மைக்கக் குடுத்துருங்க," என்றார்.

அத்தான், குப்பையைப் பற்றி நான் சொன்னது சரி. இப்போதும் சரி. ஆனால் அன்று நான் தேடியது குப்பையை அல்ல, உங்களைத்தான். மன்னித்துவிடுங்கள். என்னோடு பேச வேண்டாம், என் முகத்தைப் பார்க்க வேண்டாம். பெண்ணை வாழ்த்திவிட்டுப் போங்கள்.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும். தாங்கள் பூரண குணமடைந்து நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்

பி.கு.: தபாலில் போடப் போகிற வழியில் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தேன். முடிவெட்டுபவர் சொல்கிறார்: "என்னா சார், நீங்களும் உங்க அத்தானும் சேர்ந்து பெரிய நாடகமே போட்டீங்களாமே! 'சோதன போடுறதுன்னா மொதல்ல என்னையப் போடுங்க மாப்ள, அப்பதான் மத்தவன் பயப்படுவான்'னு நாந்தான் சொல்லி வச்சேன்னு உங்க அத்தான் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காரு. சால்வையத் தொறந்து அந்தப் பையக்கூடக் காட்டினாரு சார். உங்க பொண்ணு கல்யாணத்துக்கு மொத நாள் ஷேவிங்குக்கு வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

ஆக, நீங்கள் கோபித்துக்கொள்ளவே இல்லை. மறைத்து வைத்திருந்ததை எனக்காகக் கடை கடையாகத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இத்தனை வருடமாக உங்களை வெறுப்பதற்கென்று நான் பொத்திப் பொத்திச் சேர்த்து வைத்திருந்த காரணங்களை ஒரே வாரத்தில் காலி செய்துவிட்டீர்கள். இந்த வயதுக்கு மேல் நான் புதிதாக யாரைத் தேடிப் போவேன்? இது நியாயமா அத்தான்?