ஒற்றைத் தந்த வீரன்

யானையின் தந்தம் உடைந்தபோது மணி நான்கு. ஆறு மணிக்கு ஊர்த் திடலில் கண்காட்சியைத் திறக்கிறார்கள்.

கலியாணசுந்தரம் குப்புறப் படுத்துத் தையல் மெஷினுக்கு அடியில் தேடினார். தந்தம் கிடைத்தது, ஆனால் மூன்று துண்டாக. கோந்து போட்டுப் பார்த்தார். தந்தம் ஒட்டவில்லை, விரல்கள்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"ஒரு தந்தம் போனா என்ன, இன்னொண்ணு இருக்குல்ல" என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். எல்லாக் கூத்தும் அந்த ஒரு சமாதானத்தில்தான் ஆரம்பித்தது.

கலியாணசுந்தரத்துக்கு மலாக்கா டவுனில் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிற வேலை. வாசலில் நிற்கிற மனுஷர், எந்தப் படத்தையும் பாதிதான் பார்ப்பார். மீதியைத் தானே கற்பனை செய்துகொள்வார். ஒருநாள் திரையில் கத்திச் சண்டை. வீரன் பின்வாங்கிப் பின்வாங்கிக் கிணற்றோரம் வந்துவிட்டான். கொட்டகையே "பின்னால கிணறு" என்று கத்தியது. அவன் காதில் விழவில்லை. தொபுக்கென்று விழுந்தான்.

அன்றைக்குச் சைக்கிளில் காஜா பேராங் திரும்பும் வழியெல்லாம் அவருக்கு ஒரே யோசனை. அவனுக்குக் கேட்டிருந்தால்? திரையில் ஓடுகிறவன் நாம் சொன்னபடி ஓடி, நாம் சொன்ன இடத்தில் குதித்தால்? சாலை, மரம், நிலா எல்லாம் பின்னால் நகர நகர, தானே ஒரு திரைக்குள் போவது போல் இருந்தது. வீட்டைத் தாண்டி அரை மைல் போன பிறகுதான் நினைவு வந்தது.

அப்படிப் பிறந்த விளையாட்டு இது. முன்னால் வேட்டித் திரை, பின்னால் காஸ் விளக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பியில் பொம்மை யானை. மலாய் மொழியில் காஜா என்றால் யானை; ஊர்ப் பெயரிலேயே யானை இருக்கும்போது வீரனை வேறு எங்கே போய்த் தேடுவது? மர யானை, சாண் உயரம், இரண்டு தந்தமும் நிழலில் தெரியும்படி சற்றே திரும்பி நிற்கும். அதன் காலடியில் நீண்ட காகிதச் சுருள் ஓடும். பள்ளம், வேலி, கிணறு என்று அதில் வெட்டி ஒட்டியிருந்தார். மனைவியின் தையல் மெஷினை மிதித்தால் சுருள் நகரும், திரையில் யானை நடப்பதாகத் தோன்றும். திரைக்கு முன்னால் உட்காருகிறவர் சைக்கிள் பிரேக்கைப் பிடித்தால் யானை குதிக்கும். கால் இடித்தால் மணி அடிக்கும். மணி அடித்தால் எழுந்து அடுத்த ஆளுக்கு இடம் விடவேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

கிணற்றுக்கு அப்பால், சுருளின் கடைசியில், கடலும் நிலாவும் ஒரு பாய்மரக் கப்பலும் இருந்தன. அதை வெட்டத்தான் அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. சும்மா இருக்கும்போதெல்லாம் அந்தக் கடலோரத்தில் தன் யானை நிற்பதாக நினைத்துப் பார்த்துக்கொள்வார்.

மெஷினைக் கொடுத்த விஜயா சும்மா கொடுக்கவில்லை. நாலு நாளில் மெர்டேக்கா, நாட்டின் சுதந்திரத் திருநாள். தெருவுக்கே புதுத் துணி தைக்கவேண்டியவள், கல்யாணத்துக்கு வந்த பழைய கை மெஷினைச் சுற்றிச் சுற்றித் தோள் வலியோடு நின்றாள்.

"மூணு சாயங்காலம் தர்றேன். விளையாட்டுன்னு நினைச்சு ஒரே ஒரு ஆளு ஆசையா விளையாடட்டும், மெஷின் உங்களுக்கே. இல்லேன்னா இந்தக் கனவையெல்லாம் இதோட மூட்டை கட்டிடணும். இனிமே எதையும் கண்டுபிடிக்கக் கூடாது."

அவர் அவள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். கனவு இல்லாமல் வாசலில் நின்று டிக்கெட் மட்டும் கிழிப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது.

முதல் சாயங்காலம் மருதமுத்து வந்து உட்கார்ந்தான். டவுனில் பெச்சா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறவன், கை கால் துடியானவன். கலியாணசுந்தரம் திரைக்குப் பின்னால் மெஷினை மிதித்தார். யானை பள்ளத்தைத் தாண்டியது, வேலியைத் தாண்டியது. கிணற்றில் மணி அடித்தது.

வரிசையில் நின்றவர்கள் "எந்திரிலா" என்றார்கள். கலியாணசுந்தரம் எட்டிப் பார்த்தார். மருதமுத்து திரையைப் பார்த்தபடி இரண்டு கையையும் கூப்பியிருந்தான்.

"ஒத்தைத் தந்தம். பார்த்தீங்களா? நம்ம பிள்ளையாரு. சாமியைப் போய்க் கிணத்துல தள்ளிட்டேனே. இன்னொரு தடவை தாண்ட வச்சாத்தான் பரிகாரம்."

பரிகாரம் செய்கிறவனை எழுப்பிவிட யாருக்குத் துணிச்சல் வரும்? அவன் பரிகாரம் ஐந்து தடவை நடந்தது. அடுத்து வந்தவர் பஜனைக் குழுத் தலைவி சாரதாம்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு, பதினோரு சுற்று வேண்டுதல் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாருமே செருப்பைக் கழற்றினார்கள்.

வீட்டில் விஜயா, எத்தனை பேர் விளையாடினார்கள் என்று கேட்டாள். முப்பது பேர் கும்பிட்டார்கள் என்றார். அவள் சோறு போட்டாள்.

சாமியைப் பொம்மையாக்கினால் சரியாகிவிடும் என்று மறுநாள் அவருக்குத் தோன்றியது. தொப்பி போட்ட சாமியை யார் கண்டது? அட்டையில் துரைமார் போடுகிற தொப்பி ஒன்று வெட்டி யானைக்கு மாட்டினார். விளக்கு வெளிச்சத்தில் அது அம்சமான கிரீடமாகத் திரையில் விழுந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அவசர அவசரமாகத் தொப்பியைப் பிடுங்கினார். விளையாட்டுச் சாமானுக்குச் சக்கரம் இருக்குமே என்று நான்கு நூல்கட்டைகளைக் காலடியில் பொருத்தினார். பொம்மை வண்டி என்று யாராவது சொல்வார்கள் எனக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"தேரு கிளம்பிடுச்சு" என்றார் சாரதாம்பாள். தேர் நிலைக்கு வந்து சேராமல் நடுவில் எழுந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றும் விளக்கினார். நிலை எங்கே இருக்கிறது என்று யாரோ கேட்டதற்கு, கிணற்றைத் தாண்டித்தான் இருக்கவேண்டும் என்றார். அவருடைய தேர் கிணற்றில் விழுந்து விழுந்து, கண்காட்சி மூடுகிற வரை நிலைக்கு வரவில்லை. பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் மறுநாளைக்கு விரதம் என்று சொல்லி இப்போதே இடம் பிடித்தார்கள்.

இரண்டு நாளாக மிதித்து முழங்கால் வீங்கியதைவிட, தன் வீரன் கடலைப் பார்க்கவே இல்லை என்பதுதான் கலியாணசுந்தரத்துக்கு வலித்தது.

மூன்றாம் நாள் கடைசி முயற்சியாக வில்லனைச் சேர்த்தார். எதிரி என்று ஒன்று வந்துவிட்டால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும், பக்தி பறந்துபோகும். யானையைப் பயப்படுத்துகிற பிராணி எது? ஏதோ ஒரு இங்கிலீஷ் படத்தில், வழக்கம் போலப் பாதியில், ஒரு யானை நடுநடுங்கி ஸ்டூல் மேல் ஏறியதைப் பார்த்த ஞாபகம். அதே பிராணியை வாலும் மீசையுமாக அட்டையில் வெட்டி, கம்பியில் கோர்த்து, யானையின் காலடிக்கு ஓடவிட்டார்.

அது ஒரு எலி.

முன்னால் தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது.

சத்தம் கேட்டுக் கண்காட்சிப் பொறுப்பாளர் ராஜரத்தினம் வந்துவிட்டார். கோட்டும் டையுமாக வந்தவர் திரையைப் பார்த்தார், பூட்ஸைக் கழற்றினார். ஒரு நிமிஷம் கும்பிட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லி உட்கார்ந்து, நவக்கிரகத்துக்கு ஒன்றாக ஒன்பது சுற்றுப் பிரேக்கைப் பிடித்தார். ஒன்பதும் கிணறுதான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்தார்.

"சாமியை இப்படி விளையாட்டுப் பந்தல்ல விடுறது தப்பு, கலியாணசுந்தரம். நாளைக்கு ஆள் அனுப்புறேன். என் வீட்டு ஹால்ல வச்சுக்கிறேன்."

"யானையை மட்டும் எடுத்துக்குங்க சார். மெஷின் என் சம்சாரத்தோடது."

"மெஷினும் வேணும்லா" என்றார் ராஜரத்தினம் சட்டென்று. "பிரேக்கையும் கழட்டிடாதீங்க."

அவர் போன பிறகு கலியாணசுந்தரம் பந்தல் மறைப்பை இறக்கினார். திடலில் மெர்டேக்கா வளைவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. அவருக்கு மட்டும் அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதார். பூஜை வாங்குகிற வீரனை யார் குதிக்கச் சொல்வார்கள்? அவன் இனி ஒரு ஹாலில் ஒரே இடத்தில் நிற்கவேண்டியதுதான். கடலும் கப்பலும் சுருளுக்குள்ளேயே மக்கிப்போகும்.

விஜயா வந்தாள். ஜெயித்தவள் முகம் அப்படி வாடியிருக்காது.

"சொன்னது சொன்னதுதான், விஜயா" என்று அவரே ஆரம்பித்தார். "ஒரு ஆளுகூட விளையாட்டுன்னு நினைக்கல. ஸ்க்ரூ டிரைவரை எடு."

"வேணும்னா இன்னும் ஒரு நாள்…"

"வேண்டாம். உன் தலையில கை வச்சுச் சொல்லியிருக்கேன்."

முதல் ஸ்க்ரூ கழன்றது. இரண்டாவதைத் திருப்பும்போது மறைப்பை விலக்கிக்கொண்டு சாரதாம்பாள் உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது. கையில் கற்பூரமும் இல்லை, பூவும் இல்லை. கழன்று கிடந்த ஸ்க்ரூவைப் பார்த்ததும் பாய்ந்து வந்து கலியாணசுந்தரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டிடாதீங்க தம்பி, கும்பிட்டா யாரும் எழுப்பிவிட மாட்டாங்கன்னுதான் அத்தனை பேரும் கும்பிட்டோம். அந்தக் கிணத்துக்கு அப்பால என்ன இருக்குன்னு பார்க்காம எப்படித் தம்பி தூங்குறது?"