உன் மகனின் முழங்காலும் எங்கள் கோப்பையும்

லோபிட்டோ,
ஞாயிறு, பூசை முடிந்த பின்.

உடன்பிறந்த அக்கா பெர்னார்தாவுக்குத் தம்பி செஃபெரீனோ தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி லவுரிந்தாவும் உன் மகன் அடில்சனும் ஆளுக்கு இரண்டு கை, இரண்டு காலுடன் இருக்கிறோம். ஹுவாம்போவில் நீயும் அத்தானும் அவ்வண்ணமே இருக்க ஆண்டவர் அருள்வாராக.

ரயில் கார்டிடம் நீ கொடுத்தனுப்பிய கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. "வாத்தியார் படிப்புக்கு அனுப்பினேன், கால் ஒடிக்க அனுப்பவில்லை. போனில் நீ மழுப்புவாய். எழுத்தில் பதில் வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். உன்மேல் குற்றமில்லை. வெள்ளிக்கிழமை வானொலியில் இறுதி ஆட்டத்தைக் கேட்கும்போது, அடில்சனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்ற இடத்தில் பேட்டரி தீர்ந்துபோனால் எந்தத் தாய்தான் பதற மாட்டாள்? ஆகவே மீதியைச் சொல்கிறேன். முதலில் அவன் ஆடும் எங்கள் கூடைப்பந்துக் கழகத்தைப் பற்றி நீ எழுதிய "உதவாக்கரைக் கூட்டம்" என்ற சொல்லுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு அது உண்மைதான். உப்புக் கிடங்குக்குப் பின்னால் வெடித்த சிமெண்டுத் தரை, ஒரு கூடைக்கு வலையே கிடையாது. அந்த வருடம் ஆடிய பதினேழு ஆட்டத்திலும் தோல்வி. பதினெட்டாவது ஆட்டத்துக்கு முதல் நாள் சட்டைகளைத் துவைக்கும் பொறுப்பு கழகத்து எடுபிடியான என்னிடம் வந்தது, நான் லவுரிந்தாவின் புதுச் சிவப்புத் துணியையும் சேர்த்து ஊறவைத்தேன், வெள்ளைச் சட்டை பன்னிரண்டும் இளஞ்சிவப்பாகிவிட்டன. எதிரணிக்காரன் ஒருவன், "என்னடா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றான். எங்கள் பயிற்சியாளர் எஃபிஜேனியா, சுங்க அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்மணி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையன்களிடம், "சிரிக்கிறவன் பந்தைப் பாக்க மாட்டான். இதையே போட்டுக்கங்க" என்றார். ஒன்பது புள்ளியில் வென்றோம். உப்பங்கழியில் மேயும் இளஞ்சிவப்புப் பூநாரைகளின் பெயரை ஊரே எங்களுக்கு வைத்துவிட்டது. மறுவருடம் மாகாணத்தில் முதலிடம், அதற்கடுத்து தேசியப் பட்டியலில் ஐந்தாவது, இந்த வருடம் இறுதி ஆட்டம்.

அந்த ஆட்டத்துக்காகத் தலைநகர் லுவாண்டாவுக்குக் கழகப் பேருந்தை ஓட்டியவன் நான். முப்பத்தொரு வருடம் ரயில் ஓட்டியவனுக்குத் திருப்புவது என்ற வேலைதான் புதிது, மற்றபடி நன்றாகவே ஓட்டினேன். கேவே ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் இன்ஜின் பெல்ட் அறுந்தது, அது என் பிழை அல்ல. கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஆடாமலே தோற்றதாக அறிவிப்பார்கள். அப்போது ஒரு மீன் லாரி வந்தது. ஓட்டிவந்த அம்மாள் எங்களைப் பார்த்து, "ஏறுங்க, ஆனா மீன்மேல உக்காராதீங்க, அது வித்தாச்சு" என்றாள். பனிக்கட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே நின்றபடி தலைநகர் போய்ச் சேர்ந்தோம். கெடு முடிய நான்கே நிமிடம். நடுவர் எங்களைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கால் அறிந்துகொண்டார்.

அந்த நாற்றமே எங்களுக்கு அருளானது. தலைநகர்ப் பெரிய கழகத்து ஆட்கள் நெருங்கவே கூசினார்கள். அடில்சனைத் தடுக்க வேண்டியவன், "டேய், கொஞ்சம் தள்ளி நில்லுடா, குமட்டுது" என்றான். "தள்ளி நின்னா அங்கிருந்தே போடுவேன், பரவால்லயா?" என்று கேட்டுவிட்டு உன் மகன் தொலைவிலிருந்து மூன்று முறை போட்டான். ஆனால் மூன்றாம் கட்டத்தில் வியர்வையோடு நாற்றமும் போயிற்று. அவர்கள் நெருங்கி ஆட ஆரம்பித்தார்கள், அடில்சன் முழங்கால் மடங்கி விழுந்தான். அக்கா, அப்போது நான் கோப்பையை நினைக்கவில்லை. உன் முகத்தை நினைத்தேன். அவனைத் தூக்கிப்போன நான்கு பேரில் நானும் ஒருவன். மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, "எலும்பு முறியல. வெறும் சுளுக்கு. இதுக்கு ஏன் நீங்க அழறீங்க?" என்று என்னைத்தான் கேட்டார்.

கடைசியில் ஆறு நொடி பாக்கி, ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் நெட்டை ஆட்டக்காரனை அவர்கள் இடித்துத் தள்ள, தலா ஒரு புள்ளிக்கு இரண்டு தனி வீச்சு கிடைத்தது, ஆனால் அவன் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அடிபட்டவனுக்குப் பதிலாக வருபவன்தான் வீச வேண்டும் என்பது விதி. பெஞ்சிலிருந்த மற்றவர்கள் ஆளுக்கு ஐந்து தவறு செய்து வெளியேறியிருந்தார்கள், பெஞ்சில் மிச்சமிருந்தது உன் மகன் மட்டும். எஃபிஜேனியா, "ஓட வேணாம்பா. நிக்க முடியுமா?" என்றார். "ஒரு காலு நல்லாத்தான் இருக்கு" என்றான். இளஞ்சிவப்புச் சட்டையோடு ஒற்றைக் காலில் போய் நின்றான். முதல் பந்து வளையத்தைச் சுற்றிவிட்டு உள்ளே விழுந்தது. இரண்டாவது வளையத்தைத் தொடாமலே வலைக்குள் விழுந்தது. அவர்கள் கடைசியாக எறிந்தது பலகையில் பட்டுத் திரும்பியது. எழுபத்தொன்றுக்கு எழுபது. எனக்கு உட்காரத் தோன்றியது, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது அவன் என் வீட்டில் ஃபுஞ்சிக் களியும் கருவாட்டுக் குழம்பும் மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிடுகிறான். ஆகவே நிம்மதியாக இரு. பேருந்துச் சாவியை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆட்டக் காலம் முடிந்தது, உனக்கும் எனக்கும் இனி நெஞ்சிடி இல்லை. அத்தானுக்கு என் வணக்கம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உன் கூரையைக் காப்பாராக.

உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
செஃபெரீனோ

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் எஃபிஜேனியா வந்தார். சாம்பியன்கள் ஆப்பிரிக்கக் கோப்பைக்கும் ஆட வேண்டுமாம். மூச்சுப் பழகுவதற்கு மேட்டுநிலத்தில் மூன்று வாரம் முகாம் வேண்டும், ஹுவாம்போவில் பெரிய வீடுள்ள யாரையாவது தெரியுமா என்று கேட்டார். வாய் தவறி உன் பெயரைச் சொல்லிவிட்டேன். மொத்தம் பதினான்கு பேர், எல்லோரும் அடில்சனைப் போலவே சாப்பிடுவார்கள். பேருந்து நாளை காலை கிளம்புகிறது, ஓட்டுவது நான்தான். ஆகையால் இதற்குத் தபால்தலை ஒட்டவில்லை, வாசலில் உன் கையிலேயே கொடுக்கிறேன்.